பேர் வெட்டிய பலகை

எங்கள் கடையில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டிக் கொடுப்பது இலவசம். கள்ளக்குறிச்சியில் எல்லாப் பாத்திரக் கடையிலும் அப்படித்தான். ஆனால் எங்கள் கடையில் எழுத்து நேராக இருக்கும். வெட்டுகிறவள் நான்.

பேர் வெட்டும் கருவியை உள்ளே திறந்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தடித்த பேனா மாதிரி இருக்கும். உள்ளே ஒரு செம்புக் கம்பிச் சுருள். அதன் எதிரில் ஒரு இரும்புத் தகடு. தகட்டின் நுனியில் ஊசி. வீட்டுக்கு வரும் கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது. ஒவ்வொரு போக்குக்கும் ஒரு இழுப்பு, ஒவ்வொரு வரவுக்கும் ஒரு இழுப்பு. ஆக, ஊசி நொடிக்கு நூறு தடவை எவர்சில்வரைக் குத்துகிறது. நாம் கோடு என்று நினைப்பதெல்லாம் புள்ளிகள்தான். பொறுமையாகக் கையை நகர்த்தினால் 'லட்சுமியம்மாள்' வரும். அவசரப்பட்டால் 'ல'வுக்கும் 'ட்'டுக்கும் நடுவில் கொசு கடித்த மாதிரி இருக்கும்.

எதற்குப் பேர்? பாத்திரம் இரவல் போகிற பொருள். காதுகுத்துக்குப் போன குண்டான் நாலு வீடு சுற்றி, ஐந்தாவது வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருக்கும். பேர் இருந்தால் கேட்கலாம். இல்லாவிட்டால் கேட்க முடியாது. என் அத்தா அப்துல் ஜப்பார் இதை ஒரே வரியில் சொல்வார்: "பேர் இல்லாத சாமான் ஊர் சாமான்." அவர் விற்பது மட்டுமல்ல, விசேஷங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கும் விடுகிறார். கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனில் அண்டா, தேக்சா, ஜல்லிக்கரண்டி எல்லாம் கிடக்கும். அத்தனையிலும் கடைப் பேர் உண்டு.

நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். ஒன்பது வயதில் மொட்டை மாடியிலிருந்து விழுந்தேன். அது வேறு கதை, அதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. கடைக்கு முன்னால் பத்து அங்குல உயரத்தில் ஒரு மேடை. அதில் ஏற அத்தா ஒரு மரப்பலகை போட்டிருந்தார். நடுவில் கொஞ்சம் குழிந்த பலகை. ஏறும்போதெல்லாம் அது ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பக்கத்துக் கடைக்காரர்கள் நேரம் பார்ப்பார்கள்.

ஒரு நாள் பேர் வெட்டும் கருவி எரிந்துபோனது. சுருளைப் பிரித்து, சுற்றுகளை எண்ணி, அதே கம்பி வாங்கி அதே எண்ணிக்கையில் திரும்பச் சுற்றினேன். ஓடியது. அப்புறம் அக்கம்பக்கத்து மிக்சி, அப்புறம் சீலிங் ஃபேன். மோட்டார் என்பது வேறொன்றுமில்லை, ஒழுங்காகச் சுற்றிய கம்பி. இது புரிந்துவிட்டால் பயம் போய்விடும்.

இந்த ஐப்பசியில் டிபன் கேரியர் வாங்க வந்தவர் இசைவாணி அக்கா. மூங்கில்துறைப்பட்டில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நான் ஒரு ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்தார். கேரியரை மறந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து எரிந்த ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஒன்றை ஆட்டோவில் அனுப்பினார். கட்டித் திருப்பி அனுப்பினேன். அன்று சாயங்காலமே போன் வந்தது.

"வேலைக்கு வந்துடு."

"அக்கா, நான் நடக்க மாட்டேன்."

"அதான் பாத்தேனே. காயிலு கையால தான கட்டுறோம், கால் இன்னாத்துக்கு? கரும்பு வெட்டு ஆரம்பிச்சா மோட்டாரு குவிஞ்சிரும். டிசம்பர் ஒண்ணாந்தேதி ஒம்போதரைக்கு நீ சீட்ல ஒக்காந்திருக்கணும். இல்லன்னா நான் சேலத்துல இருந்து ஒருத்தனைக் கூட்டிக்கினு வரணும். அவன் ஜாஸ்தி பேசுவான்."

மூங்கில்துறைப்பட்டுக்கு ஆட்டோவில் தினமும் போய்வருவதானால், சம்பளத்தை நேராக ஆட்டோக்காரரிடமே கொடுக்கச் சொல்லிவிடலாம். பஸ்தான் வழி. ஒன்பதரைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற பஸ் ஒன்றே ஒன்று: ஸ்ரீ பாப்பாத்தி அம்மன் பஸ் சர்வீஸ், வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 4417, காலை எட்டு பத்து. தனியார் பஸ், சின்ன வண்டி.

நவம்பர் பத்தாம் தேதி சாயங்காலம் பேருந்து நிலையத்தில் அந்த பஸ்ஸின் வாசலில் ஒரு ரேம்ப் மாட்டியிருந்ததைப் பார்த்தேன். ரேம்ப் என்றால் சாய்தளம். எட்டடி நீளம், நெளிநெளியாகப் புடைப்பு வைத்த அலுமினியத் தகடு. நடுவில் கீல் வைத்து இரண்டாக மடியும். ஒரு முனையில் இரண்டு கொக்கி. வாசலின் ஓரத்தில் இருக்கும் இரண்டு துளைகளில் கொக்கியைப் போட்டால், படிகளுக்கு மேலே பாலம் மாதிரி நிற்கும். எனக்கு அப்போது அதைவிட அழகான பொருள் உலகத்தில் இல்லை.

மறுநாள் காலையில் ஒத்திகை பார்க்க எட்டு மணிக்கே நிறுத்தத்தில் இருந்தேன். பஸ் வந்தது. ரேம்ப் இல்லை. கண்டக்டர் இளவரசன் விசிலும் கையுமாக இறங்கினார்.

"ரேம்ப் எங்கண்ணே?"

"எந்த ரேம்பு?"

"நேத்து மாட்டியிருந்தீங்களே."

"அது நேத்தும்மா."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு சர்வீஸுக்குப் போயிருக்குது."

தகட்டுக்கு என்ன சர்வீஸ்? ஆயில் மாற்றுவார்களா? நான் கேட்பதற்குள் அவர் கருணையோடு ஒரு ஏற்பாடு செய்துவிட்டார். "தூக்கி வச்சிரலாம், யாராவது ஒரு கை குடுங்கய்யா."

சக்கர நாற்காலியைத் தூக்குவதில் ஒரு விஷயம் இருக்கிறது. கைப்பிடிகள் கழன்று வருகிற மாதிரிதான் செய்திருப்பார்கள். உட்கார்ந்திருப்பவர் பக்கவாட்டில் நகர்ந்து கட்டிலுக்கோ காருக்கோ மாறுவதற்கு அந்த வசதி. ஆகவே தூக்குகிறவர் பிடிக்க வேண்டியது கீழே இருக்கும் சட்டத்தை. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே மூன்று பேர் "ஏலேலோ" என்றார்கள். நாற்காலியும் நானும் தரையிலேயே இருந்தோம். இளவரசன் கையில் ஒரு கைப்பிடி, பஸ்ஸுக்குள்ளிருந்து குனிந்தவர் கையில் இன்னொன்று.

"இன்னாம்மா இது, கையோட வந்துடுச்சு?" என்றார் இளவரசன், நான் ஏதோ மோசடி செய்துவிட்டது போல.

எட்டு பத்து பஸ் எட்டு பதினாறுக்குப் போனது. ஒரு கைப்பிடியை அவர் பதற்றத்தில் கூடவே கொண்டுபோய்விட்டார். மத்தியானம் திரும்பி வந்தபோது கொடுத்தார்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு மனு எழுதிப் போட்டேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் குறிப்பிட்டு, கோடு போட்ட தாளில், பேர் வெட்டுகிற எழுத்திலேயே எழுதினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. மேற்படி தடத்தில் ஓடும் ஐந்து தனியார் பேருந்துகளில், தகுதிச் சான்று பெற்றுவிட்ட நான்கிலும் ரேம்ப் வசதி இருப்பதாகப் பதிவேட்டில் உள்ளது, ஐந்தாவதன் சோதனை இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி நடைபெறும். அந்த ஐந்தாவது 4417. அப்படியானால் பத்தாம் தேதி அதில் நான் பார்த்தது என்ன? துளையும் கொக்கியும் பொருந்துகின்றனவா என்று அளவு பார்த்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு புரிந்தது. அப்போது புரிந்தது ஒன்றுதான்: காகிதத்தில் நான்கு ரேம்ப் இருக்கிறது, கண்ணில் ஒன்றும் இல்லை.

பதில் வந்த மறுநாள் இன்னொரு கம்பெனி பஸ் பெட்ரோல் பங்க்கில் நின்றுகொண்டிருந்தது. அதன் வாசலில் ரேம்ப். மனு வந்ததால் போட்டோ கேட்டார்களாம், எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சக்கரத்தை வேகமாக உருட்டிப் பக்கத்தில் போனேன். கீலைப் பார்த்தேன். நாலு ரிவெட்டில் ஒன்று பித்தளை. குடை மாதிரித் தலை வைத்த பித்தளை ரிவெட், அண்டாவுக்குக் கைப்பிடி வைக்க அடிப்பது. அலுமினியத்தில் பித்தளை ரிவெட் அடிக்கக் கூடாது. மழை ஈரம் பட்டால் இரண்டுக்கும் நடுவில் பேட்டரி மாதிரி ஒரு வேலை நடந்து, அலுமினியம் அரித்துப்போகும். இதை அடித்தவரிடம் அண்டா ரிவெட் நிறைய இருக்கிறது, ஆனால் இந்த விஷயம் தெரியாது.

எனக்கு அப்படி ஒருவரைத் தெரியும்.

சாயங்காலம் குடோனுக்குள் போனேன். இருபது கிலோ பிரியாணி தேக்சாக்களுக்குப் பின்னால், ஒரு சிவப்புத் தீயணைப்பு சிலிண்டருக்குப் பக்கத்தில், மடித்துச் சாத்தியிருந்தது. பங்க்கிலிருந்து எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. அதன் மேல் அத்தா ஜல்லிக்கரண்டிகளைக் காயவைத்திருந்தார்.

"அத்தா, இது இன்னா?"

"பலகைம்மா."

"இன்னா பலகை?"

"எப்.சி. பலகை. பஸ்காரங்களுது. ஆளுக்கு ஒண்ணு செஞ்சா ஜாஸ்தி ஆவுதுன்னு அஞ்சு பேரும் சேந்து ஒண்ணு செஞ்சாங்க. அவங்களுக்குள்ள ஒருத்தர் வூட்ல வச்சா இன்னொருத்தருக்கு நம்பிக்கை இல்ல. நம்ம கிட்ட குடுத்தா தேதி மாறாம குடுத்து வாங்குவோம்னு வச்சிட்டுப் போயிருக்காங்க."

இங்கே எப்.சி. பற்றிச் சொல்லியாக வேண்டும். வண்டி ஓடத் தகுதியானதா என்று மோட்டார் வாகன ஆய்வாளர் மைதானத்தில் சோதித்துக் கொடுக்கும் சான்று அது. அன்றைக்குப் பஸ் பெண்பார்க்கும் நாள் மாதிரி இருக்கும். புது பெயின்ட். இரவல் டயர். முதலுதவிப் பெட்டியில் இரவல் பஞ்சு. சோதனை முடிந்ததும் எல்லாம் அவரவர் இடத்துக்குத் திரும்பும். இந்த வருடம் ரேம்ப் இல்லாமல் எப்.சி. இல்லை என்று ஆய்வாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். ஆகவே இரவல் சாமான்களில் ரேம்பும் சேர்ந்துகொண்டது.

"இது எதுக்குன்னு தெரியுமா அத்தா?"

"எப்.சி.க்கு."

"எப்.சி.ல எதுக்கு?"

அத்தா தாடியைச் சொறிந்தார். "அதை நான் கேக்கலியே. தேக்சா வாங்கினு போறவங்கள இன்னா ஆக்கப்போறீங்கன்னா கேக்குறோம்?"

"சக்கர நாற்காலியில இருக்கறவங்க பஸ்ல ஏற."

அவர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடை வாசலில் இருந்த குழிந்த மரப்பலகையைப் பார்த்தார். பிறகு ஜல்லிக்கரண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

குடோன் கதவின் உட்புறத்தில் சாக்பீஸால் முறை எழுதியிருந்தது. அடுத்தது: 28, வெள்ளி, பாப்பாத்தி அம்மன்.

பாப்பாத்தி அம்மன் பஸ்ஸின் முதலாளி ஜெயப்பிரகாஷ் நல்ல மனிதர். எல்லோரையும் நலம் விசாரிப்பார். அவரைப் பேருந்து நிலைய டீக்கடையில் பிடித்தேன்.

"ரேம்ப் போடக் கூடாதுன்னு எனக்கு இன்னா பாப்பா வேண்டுதலா? ஏற ஆளு இருந்தா தினமும் போடுவேன். எங்க இருக்காங்க? இத்தினி வருஷத்துல நம்ம பஸ்ல ஒருத்தர் கூட சக்கர நாற்காலியில வந்ததில்லியே."

"ரேம்ப் இல்லாம எப்பிடிண்ணே வருவாங்க?"

"வராதவங்களுக்கு எதுக்கு ரேம்ப்?"

"இதோ நான் வந்திருக்கேனே."

"நீ ஒருத்தி தான பாப்பா."

இந்த வாதம் வட்டமாக இருந்தது. எங்கே வெட்டினாலும் திரும்ப ஒட்டிக்கொண்டது. நான் டீயைக் குடித்தேன். அவர் என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குள் ஒரு பல்பு எரிவது வெளியே தெரிந்தது.

"பாப்பா, வெள்ளிக்கெழம சும்மா தான இருப்ப? எப்.சி.க்கு வர்றியா? பலகையோட நெஜ ஆளும் இருந்தா இன்ஸ்பெக்டர் மேடம் அசந்துருவாங்க."

டயர், பஞ்சு, சிலிண்டர், பலகை, அப்புறம் நான். இரவல் சாமான் பட்டியலில் ஐந்தாவது.

"வர்றேண்ணே," என்றேன்.

வியாழன் மத்தியானம் குடோனில் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, கருவியைப் பிளக்கில் சொருகினேன். சத்தம் கேட்டு அத்தா வந்தார்.

"இன்னா பண்ற?"

"பேர் வெட்டுறேன்."

"யார் பேரு?"

"நாளைக்கு வாங்கினு போறவங்க பேரு."

"நல்ல காரியம். நானே நெனச்சேன், இவ்ளோ பெரிய சாமான், ஒரு பேர் கூட இல்லியேன்னு. தொலஞ்சா யார் பதில் சொல்றது?" திருப்தியோடு போய்விட்டார். அலுமினியம் மென்மையானது, ஊசி ஆழமாக இறங்கும். ஸ்ரீ பாப்பாத்தி அம்மன் பஸ், 4417, காலை 8.10. கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் கடை வாசலுக்கே வந்தது. இளவரசன் சிலிண்டரை எடுத்தார், பலகையை எடுத்தார். அத்தா சாக்பீஸோடு கதவருகில் நின்று, 'சிலிண்டர், பலகை' என்று எழுதிவிட்டு, கொஞ்சம் யோசித்து 'பௌசியா' என்றும் எழுதினார்.

"மூணும் சாயந்திரத்துக்குள்ள திரும்பி வந்துரணும்," என்றார் ஜெயப்பிரகாஷிடம்.

கடை மேடையிலிருந்து பஸ் வாசலுக்கு ரேம்ப் போட்டார்கள். பஸ்ஸின் தளம் தரையிலிருந்து இருபத்தாறு அங்குலம். மேடை பத்து. மீதி பதினாறு அங்குல ஏற்றத்துக்கு எட்டடி, அதாவது தொண்ணூற்றாறு அங்குல நீளம். ஆறுக்கு ஒன்று. பின்னாலிருந்து ஒருவர் லேசாகக் கை கொடுத்தால் போதும். இளவரசன் கொடுத்தார். பதினேழு வருடத்துக்குப் பிறகு நான் ஒரு பஸ்ஸுக்குள் இருந்தேன். சன்னல் வழியாக எங்கள் கடையின் பெயர்ப் பலகையை முதல்முறையாக அந்த உயரத்திலிருந்து பார்த்தேன். மேல் விளிம்பில் அவ்வளவு தூசி.

வழியில் ஜெயப்பிரகாஷ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மேடம் கேட்டா தினமும் இதுல தான் வர்றேன்னு சொல்லிடு பாப்பா."

"பொய் சொல்ல மாட்டேன்ணே."

"பொய் இல்ல பாப்பா. எப்.சி."

ஆய்வாளர் மணிமொழி மேடம் அவசரமே இல்லாதவர். எனக்கு உடனே பிடித்துப்போனது. ஹாரன், விளக்கு, பிரேக் எல்லாம் பார்த்தார். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் பொறித்திருக்கும் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண் தாளில் எழுந்து வந்தது. எழுதிக்கொண்டால் தப்பாக எழுதலாம், தேய்த்தால் தப்பே வராது. அருமையான முறை. பிறகு வாசலுக்கு வந்தார்.

"இவங்கள இறக்கி ஏத்திக் காட்டுங்க."

மைதானத்தில் மேடை கிடையாது. வெறும் தரைக்கு ரேம்ப் போட்டதும் நாலுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாக நின்றது. இளவரசன் எட்டிப் பார்த்தார்.

"வெள்ளிமலை ரோடே இதுக்கு கம்மிங்க. அதுலயாவது கொண்டை ஊசி வளைவு வச்சிருக்கான்."

ஜெயப்பிரகாஷின் நெற்றி வியர்த்தது. அப்போது டிரைவர் ராமசாமி, அதுவரை வாயே திறக்காதவர், ஸ்டியரிங்கைத் திருப்பினார். மைதானத்தின் ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் பள்ளம் ஒன்று இருந்தது. இடது பக்கச் சக்கரங்கள் இரண்டையும் பதமாக அதற்குள் இறக்கினார். பஸ் மண்டிபோட்ட யானை மாதிரி வாசல் பக்கம் சாய்ந்தது. ஒன்பது அங்குலம் தாழ்ந்திருக்கும். கரையில் ரேம்ப் போட்டார்கள். ஏறத்தாழ ஆறுக்கு ஒன்று. பெருநகரங்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் காற்று இறங்கி இப்படித் தாழும் பஸ்கள் உண்டு. ராமசாமி அண்ணன் அதைக் காற்று இல்லாமல் செய்தார். நான் இறங்கினேன், ஏறினேன். வேடிக்கை பார்த்த லாரிக்காரர்கள் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

மேடம் என்னிடம் குனிந்தார். "தினமும் இந்த பஸ்லதான் போறீங்களா?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். 'இல்லை' என்றால் எப்.சி. கிடைக்காது. 4417 நின்றுவிடும், திங்கட்கிழமை எனக்குப் பஸ்ஸே இல்லை. 'ஆமாம்' என்றால் எப்.சி. கிடைக்கும், பலகை சாயங்காலம் ஜல்லிக்கரண்டிக்குப் போய்விடும், திங்கட்கிழமை எனக்கு ரேம்ப் இல்லை. சேலத்துக்காரன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பான்.

"இன்னிக்குத் தாங்க மொத நாள், மேடம்," என்றேன். "திங்கக்கெழமயிலருந்து தினமும். எட்டு பத்துக்கு. மூங்கில்துறைப்பட்டுல வேலைக்குச் சேர்றேன்."

மேடம் ஜெயப்பிரகாஷ் பக்கம் திரும்பினார். "ரேம்ப் உங்களோடதா?"

"எங்களுது தாங்க மேடம். சொந்தம்."

"போன மாசம் வந்த வண்டியிலயும் இதே மாதிரி பார்த்தேனே. இதுல ஏதாவது அடையாளம் இருக்கா?"

ஜெயப்பிரகாஷ் இளவரசனைப் பார்த்தார், இளவரசன் டயரைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அடியில பேர் வெட்டியிருக்குங்க, மேடம்."

இளவரசன் பலகையைக் கவிழ்த்தார். மேடம் நிதானமாகப் படித்தார். "ஸ்ரீ பாப்பாத்தி அம்மன் பஸ். 4417. காலை 8.10. டைம்கூடப் போட்டிருக்கீங்களே." தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். என் எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. 'ஸ்ரீ' மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. தாளைக் கோப்பில் சேர்த்தார்.

"நல்ல ஏற்பாடு. இனிமே எல்லா வண்டிக்கும் இதையே கேக்கப்போறேன். ஏற்கெனவே சான்று வாங்கின நாலு வண்டியையும் வரச் சொல்லணும்." ஜெயப்பிரகாஷைப் பார்த்துத் தலையசைத்தார். "நாலு பேருக்கு முன்மாதிரியா இருக்கீங்க."

திரும்பி வரும்போது முன்மாதிரி மூன்று கிலோமீட்டருக்கு நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தது.

"இன்னா வேலை பண்ணிட்ட பாப்பா."

"பேர் வெட்டினேன்ணே. எங்க கடையில இலவசம்."

"மத்த நாலு பேருக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? அஞ்சு பேர் சாமான். அழிச்சிக் குடுத்துரு."

வெட்டிய பேரை அழிக்க முடியாது என்று விளக்கினேன். தேய்த்து எடுக்கலாம், ஆனால் தகடு மெலிந்துவிடும். மேடம் கோப்பில் இருக்கிற பேர் அப்போதும் அங்கேயே இருக்கும். அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை மற்ற நாலு முதலாளிகளும் கடைக்கு வந்தார்கள். கல்லாவுக்கு எதிரில் வரிசையாக நின்றார்கள். பெரியவர் ஒருவர் ஆரம்பித்தார்: "பாய், பொது சாமான்ல உங்க பொண்ணு ஒருத்தர் பேரை வெட்டிருச்சு. இது நியாயமா?"

அத்தா ஒரு குடத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அதுல உங்க பேர் இருந்துச்சா?"

"இல்ல."

"வேற யார் பேராவது?"

"இல்ல."

"பேர் இல்லாத சாமான் ஊர் சாமான். ஊர்ல என் பொண்ணும் ஒருத்தி தான?" குடத்தைக் கீழே வைத்தார். "ஆளுக்கு ஒண்ணு செஞ்சி எடுத்துக்கினு வாங்க. பேர் வெட்ட காசு வேணாம்."

அவர்கள் போனபிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "நீ சொன்ன மாதிரி அந்த ரிவெட் பித்தளையில அடிச்சிருக்கக் கூடாதோ?" என்றார்.

டிசம்பர் ஒன்றாம் தேதி காலையில் நிறுத்தத்தின் மேடையில் இருந்தேன். எட்டு பத்துக்கு 4417 வந்தது. வழக்கமாக எங்கள் ஊரில் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி இருபதடியில் நிற்கும். சனங்கள் ஓடிப்போய் ஏறுவார்கள், அதுதான் பழக்கம். அன்று ராமசாமி அண்ணன் நேராக என் முன்னால் நிறுத்தினார். ஓடத் தயாராக இருந்தவர்கள் தடுமாறிப்போனார்கள். இருவர் பழக்கதோஷத்தில் இருபதடி ஓடிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

இளவரசன் பின் சீட்டுக்கு அடியிலிருந்து பலகையை இழுத்தார். ஒரு கொக்கி மாட்டியது, மற்றது மாட்டவில்லை. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பலகையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று நான் சொன்னதை மட்டும் கடைசியாகக் கேட்டார்.

"டைம் ஆவுது கண்டக்டரு," என்றார் உள்ளே ஒருவர்.

"இன்னா டைமு? எட்டு பத்துன்னு பலகையிலயே போட்டிருக்குது, படிச்சிக்க."

நான் கணக்குப் பார்த்தேன்: நாலு நிமிடம் இருபது நொடி. நான் ஏறி முடித்ததும் பலகையை எடுக்கப்போனார். எடுக்க முடியவில்லை. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளோடு வந்திருந்த ஓர் அம்மா அதன் மேல் மூட்டையை உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் முட்டிவலிக்காரர் ஒருவர், அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். ஏற ஆளே இல்லை என்று ஜெயப்பிரகாஷ் அண்ணன் சொன்ன பலகை.

மூங்கில்துறைப்பட்டில் மேடை இல்லை. ராமசாமி அண்ணன் சாலையோரத்தில் தோதான பள்ளம் தேடி ஊர்ந்துபோனார். பின்னால் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. பட்டறைக்கு எதிரிலேயே ஒரு பள்ளம் கிடைத்தது. பஸ் மண்டிபோட்டது, நான் இறங்கினேன். இசைவாணி அக்கா வாசலில் நின்று கடிகாரத்தைத்தான் பார்த்தார், என்னை அல்ல. ஒன்பது இருபத்தேழு.

"தினமும் இந்த பஸ்ஸு தானா?"

"ஆமாங்கக்கா."

"நம்பலாமா?"

"பேர் வெட்டியிருக்கு."

அவர் கரி வாசனை அடிக்கும் ஏழரை குதிரைசக்தி மோட்டார் ஒன்றை மேசைக்குத் தள்ளினார். "சாயந்திரத்துக்குள்ள ஓடணும்."

நான் முதல் சுருளைப் பிரித்துச் சுற்றுகளை எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தெட்டாவது சுற்றில் வெளியே விசில் சத்தம். கள்ளக்குறிச்சிக்குத் திரும்பும் பஸ் கிளம்பப்போகிறது. இளவரசன் படியில் தொங்கியபடி பட்டறைப் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, போவும்போது அஞ்சே முக்கால் வண்டியில தான வருவ?"

"ஆமாண்ணே."

"பலகையில எட்டு பத்து மட்டும் தான போட்டிருக்குது. அஞ்சே முக்கால் போடலியே. மொதலாளி கேட்டா நான் இன்னா சொல்றது?"

எண்ணிக்கை விட்டுப்போனது. எல்லாம் யோசித்தவள், வேலைக்குப் போகிறவள் வீட்டுக்குத் திரும்பவும் வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் பலகையைப் போட்டார், முதலாளிக்குத் தெரியாமல். ஞாயிற்றுக்கிழமை அதைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லி, அதே வரிசையில் 'மாலை 5.45' என்று வெட்டினேன். இந்த முறை எழுத்து சாயவில்லை.